பிளானெடெஸ்: ஒரு ஸ்க்ரூவில் தொடங்கும் கதை

1957 அக்டோபர் 4 அன்று ஸ்புட்னிக் மேலே போனது எல்லோருக்கும் தெரியும். அதைத் தூக்கிக்கொண்டு போன ராக்கெட்டின் நடுப்பகுதியும் கூடவே சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேர்ந்தது பலருக்குத் தெரியாது. கடற்கரையில் விளையாடும் பந்து அளவுதான் ஸ்புட்னிக். அந்தக் காலி ராக்கெட் அதைவிடப் பல மடங்கு பெரியது. அந்த நாட்களில் மக்கள் மொட்டைமாடியில் நின்று வெறுங்கண்ணால் பார்த்து "அதோ ஸ்புட்னிக்" என்று கை நீட்டியது பெரும்பாலும் இந்த ராக்கெட்டைத்தான். வேலை முடிந்துபோன, யாருக்கும் தேவைப்படாத ஒரு பொருள். டிசம்பர் 1-ஆம் தேதி அது கீழே விழுந்து எரிந்தது. ஆக, விண்வெளி யுகமும் விண்வெளிக் குப்பையும் ஒரே நாளில் பிறந்தவை.

அதே தேதியில், 46 வருஷம் கழித்து, 2003 அக்டோபர் 4 சனிக்கிழமை, ஜப்பானின் என்.எச்.கே. பி.எஸ்.2 சேனலில் ‘பிளானெடெஸ்’ என்ற அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன்) தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கியது. 2075-ஆம் வருஷம் விண்வெளியில் குப்பை அள்ளுகிற ஒரு சிறிய கம்பெனிப் பிரிவின் கதை. இதற்கு இதைவிடப் பொருத்தமான தேதி கிடையாது.

கதையின் ஆரம்பம் 2068-இல். ஆல்நைல்-8 என்ற பயணிகள் விமானம் பூமிக்கு வெளியே போய்க்கொண்டிருக்கிறது. ஜன்னலோரம் ஒரு பெண். பழைய செயற்கைக்கோள் ஏதோ ஒன்றிலிருந்து கழன்ற சின்ன ஸ்க்ரூ ஒன்று எங்கிருந்தோ வருகிறது. அவ்வளவுதான், விமானமே போய்விடுகிறது. வில்லன் கிடையாது, வேற்றுக்கிரகவாசி கிடையாது, லேசர் கிடையாது. ஒரு ஸ்க்ரூ.

அந்த ஸ்க்ரூவைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏனென்றால் ஸ்க்ரூதான் என் வேலை. பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டை இரண்டாம் ஸ்டேஜில் ஒரு சிறிய மெஷினிங் யூனிட்டில் இன்ஸ்பெக்ஷன் பார்க்கிறேன். தருமபுரிப் பக்கம் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டுப் பெங்களூர் வந்தவள். வீடு ஸ்ரீராமபுரத்தில். பெரிய கம்பெனிகளுக்கு பார்ட்ஸ் செய்து தருகிற கம்பெனிக்கு, நாங்கள் சின்னச் சின்னதாகச் செய்து கொடுக்கிறோம். விரல் நகம் அளவு ஸ்க்ரூ, ஸ்டட், புஷ், ஸ்பேசர். ஒவ்வொரு லாட்டிலும் த்ரெட்டை, அதாவது திருகுப் புரியை, ரிங் கேஜ் என்ற அளவு வளையம் போட்டுப் பார்ப்பேன். ‘கோ’ கேஜ் தடையில்லாமல் ஏற வேண்டும், ‘நோ-கோ’ கேஜ் ஏறக் கூடாது. பிசிறு இருந்தால் ரீவொர்க். அளவு விட்டால் ரிஜெக்ட். சிவப்புப் பெட்டி.

ஏரோஸ்பேஸ் வேலை வந்தால் இன்னொரு பழக்கம் சேர்ந்துகொள்ளும். எஃப்ஓடி என்பார்கள். பொருளுக்குள் இருக்கக் கூடாத எதுவும் உள்ளே போய்விடக் கூடாது. ஒரு சுருள் சிப், ஒரு துணி நூல், பேனா மூடி, எதுவுமே. அசெம்பிளி நடக்கும் இடங்களில் வேலை தொடங்கும்போது எத்தனை டூல் வெளியே வந்ததோ, முடியும்போது அத்தனையும் திரும்பிப் பெட்டியில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் அது கிடைக்கும்வரை யாரும் நகர மாட்டார்கள். ஊரில் ஒரு கல்யாணத்தில் தூரத்து உறவுக்காரர் ஒருவர் என்னைப் பார்த்து, "டிப்ளமோ படிச்சிட்டு நட்டு போல்ட் எண்ணுறியாம்மா?" என்று கேட்டார். அன்றைக்கு என்னிடம் இந்தத் தொடர் இருந்திருந்தால் அவரை உட்கார வைத்து முதல் பத்து நிமிஷத்தைக் காட்டியிருப்பேன்.

சும்மா கதைக்காக மிகைப்படுத்தியிருக்கிறார்களோ என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். தாழ்வான சுற்றுப்பாதையில் ஒரு பொருள் வினாடிக்கு ஏழரை, எட்டு கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. இரண்டு பொருள்கள் வெவ்வேறு திசையிலிருந்து வந்தால் மோதும் வேகம் சராசரியாக வினாடிக்கு 10 கிலோமீட்டர் ஆகிவிடும். 10 கிராம் ஸ்க்ரூ அந்த வேகத்தில் மோதினால் 5 லட்சம் ஜூல். ஒரு டன் எடையுள்ள கார் மணிக்கு 114 கிலோமீட்டரில் சுவரில் மோதினால் எவ்வளவோ, அவ்வளவு. அதுவும் மொத்தச் சக்தியும் விரல் நகம் அளவு இடத்தில் இறங்குகிறது. 1983-இல் சேலஞ்சர் விண்வெளி ஓடத்தின் எஸ்டிஎஸ்-7 பயணத்தில் ஜன்னல் கண்ணாடியில் ஒரு குழி விழுந்தது. காரணம் ஒரு பெயின்ட் துகள், ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. கண்ணாடியையே மாற்ற வேண்டியதாயிற்று. பெயின்டுக்கே அப்படியென்றால் ஸ்க்ரூவுக்கு?

தொடர் எனக்குக் கிடைத்தது ஒரு டிவிடி பெட்டியாக. கூட வேலை செய்கிற அக்காவின் தம்பி அமெரிக்காவில் இருந்து திரும்பும்போது கொண்டுவந்தது. 2005-இலிருந்து பண்டாய் என்டர்டெயின்மென்ட் அங்கே வெளியிட்ட பதிப்பு. அதில் நாசாவின் விண்வெளிக் குப்பைப் பிரிவு விஞ்ஞானிகளின் பேட்டியையும் சேர்த்திருக்கிறார்கள். ஒரு கார்ட்டூன் டிவிடியில் விஞ்ஞானிகள் உட்கார்ந்து உண்மையிலேயே என்ன நடக்கிறது என்று விளக்குவது எனக்குப் பெரிய மரியாதையாகப் பட்டது, பார்க்கிறவர்களுக்கும் சரி, கதைக்கும் சரி.

இந்தத் தொடர் வெளியான விதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது அப்படி வெளியானதால்தான் இப்படி இருக்கிறது என்பது என் எண்ணம்.

மூலம் மகோடோ யூகிமுரா வரைந்த மங்கா, அதாவது காமிக்ஸ். 1999-இல் கோடன்ஷாவின் ‘மார்னிங்’ வார இதழில் தொடங்கியது, மொத்தமே நான்கு தொகுதி. அனிமே செய்தது சன்ரைஸ் ஸ்டூடியோ. 1979-இல் வந்த ‘மொபைல் சூட் குண்டம்’ தொடரிலிருந்து ராட்சத ரோபோவுக்குப் பேர்போன ஸ்டூடியோ அது. அந்த மாதிரித் தொடர்களுக்குப் பின்னால் பொம்மைக் கம்பெனி இருக்கும். ரோபோ விற்க வேண்டும், அதனால் ரோபோ சண்டை போட வேண்டும். குண்டம் முதல் முறை ஓடியபோது திட்டமிட்ட அத்தியாயங்கள் முடியும் முன்பே 43-ஆவதோடு நிறுத்திவிட்டார்கள். என்.எச்.கே. அப்படி அல்ல. மக்கள் கட்டுகிற சந்தாவில் ஓடுகிற சேனல், விளம்பரம் கிடையாது. விற்கப் பொம்மை இல்லாததால்தான் இயக்குநர் கோரோ தானிகுச்சியும் எழுத்தாளர் இச்சிரோ ஒகோச்சியும் ஓர் ஆபீஸைப் பற்றி 26 அத்தியாயம் எடுக்க முடிந்தது. ஆமாம், ஆபீஸ். லீவு லெட்டர், பட்ஜெட், மேலதிகாரியின் முகச்சுளிப்பு, இன்ஷூரன்ஸ் விற்க வருகிற பெண்கள், வேலைக்குச் சேர்ந்ததும் எழுதித் தர வேண்டிய உயில், எல்லாம் உண்டு. மங்காவில் இந்த ஆபீஸ் இல்லை. அனிமேக்காரர்கள் சேர்த்தது. என்னைக் கேட்டால் அவர்கள் செய்த மிக நல்ல காரியம் அதுதான்.

பி.எஸ்.2 செயற்கைக்கோள் சேனல். பூமிக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டரில் நிற்கும் ஒரு செயற்கைக்கோளிலிருந்து டிஷ் ஆன்டெனாவுக்கு வந்து இறங்கியது. அந்த உயரத்தில் இருப்பவை தானாகக் கீழே விழாது. வாழ்நாள் முடிந்ததும், மிச்சமிருக்கும் எரிபொருளை வைத்துச் சில நூறு கிலோமீட்டர் இன்னும் மேலே தள்ளிவிட வேண்டும். அங்கே அவற்றுக்கென்று சுடுகாடு மாதிரி ஒரு பாதை ஒதுக்கியிருக்கிறார்கள். செயற்கைக்கோள் குப்பையைப் பற்றிய கதை, என்றைக்காவது குப்பையாகப் போகும் செயற்கைக்கோள் வழியாகவே வீடுகளுக்கு வந்தது. வேறெந்த விண்வெளித் தொடரிலும் இப்படிப் பொருந்தி வந்ததாக நான் பார்க்கவில்லை.

அந்த வருஷத்தையும் நினைத்துப் பாருங்கள். பிப்ரவரி 1-ஆம் தேதி கொலம்பியா ஓடம் உடைந்து கல்பனா சாவ்லா உட்பட 7 பேர் போனார்கள். அக்டோபர் 1-ஆம் தேதி ஜப்பானின் மூன்று விண்வெளி அமைப்புகளைச் சேர்த்து ஜாக்சா உருவானது. மூன்று நாள் கழித்துப் பிளானெடெஸ் தொடங்கியது. ஜாக்சாவின் விண்வெளிக் குப்பைப் பிரிவு இந்தத் தொடருக்கு ஆலோசனை சொல்லியிருக்கிறது. அக்டோபர் 15-ஆம் தேதி சீனா தன் முதல் மனிதரை அனுப்பியது. நவம்பர் 29-இல் ஜப்பானின் எச்-2ஏ ராக்கெட் தோற்றது. 2004 ஏப்ரல்வரை வாராவாரம் இந்தத் தொடரைப் பார்த்த ஜப்பானியர்களுக்கு விண்வெளி என்பது தூரத்துக் கற்பனையாக இருந்திருக்காது. காலையில் செய்தித்தாளில் வந்த துக்கமும் ஆசையும்தான் அது.

சரி, கதைக்கு வருகிறேன்.

டெக்னோரா என்ற பெரிய கம்பெனி. அதில் டெப்ரி பிரிவு, அதாவது குப்பை அள்ளும் பிரிவு. லாபம் தராத பிரிவு, சட்டத்துக்காக வைத்திருக்கிறார்கள். மற்றவர்கள் அதை ‘அரைப் பிரிவு’ என்று கேலி செய்கிறார்கள். ஆள் பாதிதான். அங்கே ஐ டனாபே என்ற பெண் புதிதாகச் சேர்கிறாள். அவளுக்குச் சீனியர் ஹச்சிமாகி. சொந்தமாக ஒரு விண்கலம் வாங்க வேண்டும் என்பது அவன் கனவு, கையில் இருப்பதோ மாதச் சம்பளம். அவர்களின் கப்பல் ‘டாய் பாக்ஸ்’, பெயருக்கேற்ற பழைய வண்டி. அதை ஓட்டுவது ஃபீ கார்மைக்கேல், எந்த மேலதிகாரிக்கும் பயப்படாத அமெரிக்கப் பெண். அப்புறம் யூரி. அதிகம் பேசாதவன், எல்லோருக்கும் நல்லவன். எடெல்கார்ட் என்ற காண்ட்ராக்ட் ஊழியர், யாரோடும் ஒட்டாமல் கணக்கை மட்டும் பார்ப்பவள். துணை மேலாளர் ஓர் இந்தியர், ஆர்விந்த் என்று பெயர், வீடு நிறையப் பிள்ளைகள். வேலை போனால் குடும்பம் என்ன ஆகும் என்ற பயம் அவர் முகத்தில் எப்போதும் இருக்கும். அவரையும் மேலாளரையும் முதலில் சிரிப்புக்காக மட்டும் வைத்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. போகப்போக அந்தப் பயத்துக்கும் கதை இடம் கொடுக்கிறது.

டனாபே ஆரம்பத்தில் அன்பு, அன்பு என்று கத்திக்கொண்டே இருப்பாள். என் சொந்த அக்கா மகன் ஒன்பதாவது படிக்கிறான், அனிமே என்றால் உயிர். என்னோடு உட்கார்ந்து பார்த்தவன் இரண்டாவது அத்தியாயத்திலேயே, "சித்தி, சண்டையே இல்ல. இந்தப் பொண்ணு வேற கத்துது" என்றான். "இதை எழுதினவர்தான் உன்னோட ‘வின்லாண்ட் சாகா’வையும் எழுதினாரு. இதை டைரக்ட் பண்ணினவரும் திரைக்கதை எழுதினவரும் சேர்ந்துதான் மூணு வருஷம் கழிச்சு ‘கோட் கியாஸ்’ எடுத்தாங்க" என்றேன். அந்த இரண்டு பெயருக்காக உட்கார்ந்தான். பத்தாவது அத்தியாயத்தில் போனை ஓரமாக வைத்துவிட்டான்.

அந்தப் பத்தாவது அத்தியாயத்தைப் பற்றி எல்லாவற்றையும் சொல்ல மாட்டேன். யூரி குப்பைக்கு நடுவே எதைத் தேடிக்கொண்டிருந்தான் என்பது அதில் தெரியவரும். ஆல்நைல்-8 விமானத்தில் ஜன்னலோரம் இருந்தது அவன் மனைவி. அவளிடம் ஒரு பழைய திசைகாட்டி இருந்தது. குப்பை பொறுக்குகிற வேலையை வேறு வேலை கிடைக்காமல் செய்கிறான் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். அவன் வருஷக்கணக்கில் அதற்காகத்தான் அங்கேயே இருந்திருக்கிறான். விண்வெளிக் காட்சிகளில் வெடிச் சத்தம், இன்ஜின் சத்தம் எதுவும் இல்லை. ரேடியோவில் பேச்சு, ஹெல்மெட்டுக்குள் மூச்சு, இடையில் இசை. அந்தக் காட்சியில் ஒரு சத்தம் சேர்த்திருந்தாலும் கெட்டிருக்கும்.

என்னைவிட இந்தத் தொடரில் ஆழமாகப் போனவர் எங்கள் யூனிட்டின் லேத் அண்ணன்தான். கேஜிஎஃப்காரர், அதாவது கோலார் தங்கவயல். தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரியில் மூடிய பிறகு அங்கிருந்து தினமும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வருகிற ஆயிரக்கணக்கான தமிழர்களில் ஒருவர். விடிவதற்குள் ரயில், மெஜஸ்டிக்கில் இறங்கி மெட்ரோ. சாயங்காலம் அதே வழி. அவருடைய அப்பா சுரங்கத்தில் துளை போடுகிற வேலையில் இருந்தவர், நுரையீரலில் கல்தூசி படிந்து போனார். ஏழாவது அத்தியாயத்தில் நிலவில் ஒரு மருத்துவமனை வருகிறது. ரோலண்ட் என்ற பழைய விண்வெளி ஊழியர் அங்கே படுத்திருக்கிறார். வாழ்நாளெல்லாம் விண்வெளியில் வேலை பார்த்தவர், கதிர்வீச்சு அவருக்குப் புற்றுநோயைக் கொடுத்துவிட்டது. ஆனாலும் பூமிக்குத் திரும்ப மனசு வரவில்லை. அண்ணன் அதை என் போனில் லஞ்ச் நேரத்தில் பார்த்தார். பார்த்துவிட்டு, "எங்கப்பாவும் இப்படித்தாம்மா. மூச்சு வாங்கும், ஆனா சைரன் கேட்டா எந்திரிச்சு உக்காருவாரு. இனிமே போக வேணாம்பான்னா கோவம் வரும்" என்றார். டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

அதே அத்தியாயத்தில் நோனோ என்ற பெண் வருகிறாள். நிலவில் பிறந்தவள். குறைந்த ஈர்ப்பில் வளர்ந்ததால் 12 வயதிலேயே பெரிய பெண் மாதிரி உயரம். அவளால் பூமிக்கு வர முடியாது, எலும்பு தாங்காது. அவள் கடலைப் பார்த்ததில்லை. நிலவு மண்தான் அவளுக்குக் கடல். இதைப் பரிதாபமாகக் காட்டாமல் அவளுடைய ஊராகவே காட்டியிருக்கிறார்கள்.

நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறது பதினொன்றாவது. எல் டனிக்கா என்று ஒரு கற்பனை நாடு, ஏழை நாடு, எப்போதும் ஏதாவது போர். அங்கிருந்து தெமாரா என்ற மனிதர் தன் சிறிய பட்டறையில் செய்த விண்வெளி உடையைத் தூக்கிக்கொண்டு டெக்னோராவுக்கு வருகிறார். சோதித்துப் பாருங்கள், வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார். ஒவ்வொரு பிரிவும் அவரை அடுத்த பிரிவுக்கு அனுப்புகிறது. யாரும் ‘வேண்டாம்’ என்று நேராகச் சொல்வதில்லை, ஃபார்ம் இல்லை, ஆள் இல்லை, இன்றைக்கு முடியாது. கடைசியில் அவர் வந்து சேருகிற இடம் அரைப் பிரிவு. அவர்கள் அந்த உடையைப் போட்டுக்கொண்டு உண்மையிலேயே வெளியே போகிறார்கள்.

வெண்டார் அப்ரூவலுக்காக, அதாவது பெரிய கம்பெனிக்குச் சப்ளையராகச் சேரும் அனுமதிக்காக, கையில் சாம்பிளோடு வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தவர்கள் பீன்யாவில் எத்தனை பேர்! எங்கள் முதலாளியே அப்படி உட்கார்ந்தவர்தான். "டிராயிங்படி இருக்கு சார், ரிப்போர்ட் பாருங்க" என்று சொல்லச் சொல்ல, பேப்பரைப் பிரிக்காமலேயே திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். தெமாரா உடையின் ஒவ்வொரு தையலையும் தொட்டுக் காட்டி விளக்கும்போது அவர் கண்ணில் இருக்கும் வெளிச்சத்தை வரைந்தவர்கள், நிச்சயமாக ஒரு சின்னப் பட்டறைக்குள் நின்று பார்த்தவர்கள். அந்தச் சோதனை என்ன ஆகிறது, அதன் பிறகு அவருக்கு என்ன ஆகிறது என்பதை நீங்களே பாருங்கள். அந்த முடிவு எனக்கு இன்னும் ஆறவில்லை. பிற்பாதியில் விண்வெளியை எதிர்க்கிற ஒரு தீவிரவாதக் கூட்டம் வரும்போது, அவர்கள் செய்வது கொலை என்று தெரிந்தும் கோபம் எங்கிருந்து வருகிறது என்று புரிவதற்குக் காரணம் தெமாராதான். அதே நாட்டில் பிறந்து டெக்னோராவில் முன்னேறத் துடித்த கிளேர் என்ற பெண்ணின் கதையும் அங்கிருந்துதான் திரும்புகிறது. வேகமெடுக்கும் கடைசிப் பகுதியில் ஹச்சிமாகி டனாபேயிடம் நடந்துகொள்ளும் விதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. வியாழனுக்குப் போகும் கப்பலுக்காக அவன் தன்னை அவ்வளவு கல்லாக்கிக்கொள்கிறான். தொடரும் அதை நியாயப்படுத்துவதில்லை, ஆனால் டனாபே அதற்குக் கொடுக்கும் விலை ரொம்ப அதிகம்.

மங்காவுக்கு 2002-இலும் அனிமேவுக்கு 2005-இலும் ஜப்பானில் அறிவியல் புனைகதைக்குத் தருகிற செயுன் விருது கிடைத்தது. நியாயமான விருது. ஆனால் அதைவிடப் பெரிய சான்று அதற்குப் பிறகு வானத்தில் நடந்தவை. தொடர் வந்தபோது இரண்டு முழுச் செயற்கைக்கோள்கள் மோதிக்கொண்ட வரலாறு இல்லை. 2007 ஜனவரியில் சீனா தன் பழைய வானிலைக்கோள் ஒன்றை ஏவுகணையால் அடித்து 3,000-க்கும் மேற்பட்ட துண்டுகளாக்கியது. 2008 நவம்பரில் விண்வெளி நடையின்போது ஒரு வீராங்கனையின் கையிலிருந்து ஒரு டூல் பை அப்படியே நழுவிப் போனது. 2009 பிப்ரவரி 10 அன்று சைபீரியாவுக்கு மேலே சுமார் 790 கிலோமீட்டரில், ஓடிக்கொண்டிருந்த இரிடியம்-33-உம் செத்துப்போன ரஷ்ய காஸ்மாஸ்-2251-உம் மோதின. நம் நாடும் 2019 மார்ச் 27 அன்று தன் செயற்கைக்கோள் ஒன்றை ஏவுகணையால் அடித்தது. உயரம் 280 கிலோமீட்டர் அளவில் என்பதால் அதன் துண்டுகளில் பெரும்பாலானவை சீக்கிரம் விழுந்தன. ஒரு மோதல் துண்டுகளைப் பெருக்கி, அந்தத் துண்டுகள் அடுத்த மோதலுக்குக் காரணமாகி, சங்கிலியாகப் போகும் என்று டொனால்ட் கெஸ்லரும் பர்ட்டன் கோர்-பாலேயும் 1978-லேயே எழுதிவிட்டார்கள். பிளானெடெஸில் தீவிரவாதிகள் பயன்படுத்தப் பார்ப்பதும் இதைத்தான். ஃபீ அந்தச் சமயத்தில் செய்கிற காரியம் தொடரிலேயே என் பிரியமான காட்சி.

இந்தியாவுக்கும் இதில் பாடம் உண்டு. 2001 அக்டோபரில் போன பிஎஸ்எல்வி-சி3 ராக்கெட்டின் நான்காம் நிலை, வேலையை முடித்துவிட்டு மேலே சுற்றிக்கொண்டிருந்தபோது டிசம்பர் 19 அன்று வெடித்தது, 300-க்கும் மேற்பட்ட துண்டுகள். அதற்குப் பிறகு, வேலை முடிந்ததும் அந்த நிலையில் மிச்சமிருக்கும் எரிபொருளை வெளியேற்றிவிடும் ஏற்பாட்டை இஸ்ரோ கொண்டுவந்தது. செய்திகளில் வராத வேலை. கவுன்ட்டவுன் முடிந்து எல்லோரும் கைதட்டிவிட்டுப் போன பிறகு நடக்கும் வேலை. டெப்ரி பிரிவு ஆட்கள் செய்வதும் இந்த ரகம்தான்.

பீன்யாவில் இருக்கிறவளாக எனக்கு இதில் தனியாக ஒரு பெருமையும் கடமையும் இருக்கிறது. இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஆர்யபட்டாவைக் கட்டியதே இந்தப் பீன்யா ஷெட்களில்தான். ஷீட் கூரைக்குக் கீழே, 360 கிலோ. 1975 ஏப்ரல் 19 அன்று சோவியத் ராக்கெட்டில் போனது. ஐந்தாவது நாள் வாக்கில் மின்சாரக் கோளாறில் சோதனைகள் நின்றன. ஆனால் கோள் விழவில்லை, 1992 பிப்ரவரிவரை சுற்றிக்கொண்டே இருந்தது. பழைய 2 ரூபாய் நோட்டின் பின்பக்கம் எல்லோர் பையிலும் அதன் படம் இருந்த காலத்தில், மேலே அது கிட்டத்தட்ட குப்பைதான். இன்றைக்கு அதே பீன்யாவில், 2022 ஜூலையில் திறந்த இஸ்ரோ மையம் ஒன்று எந்தத் துண்டு எந்தக் கோளுக்கு அருகில் வருகிறது என்று கணக்குப் பார்க்கிறது. 2024 ஏப்ரலில் பல நாட்டு விண்வெளி அமைப்புகள் சேர்ந்த குப்பை ஒருங்கிணைப்புக் குழுவின் கூட்டம் பெங்களூரில் நடந்தது. 2030-க்குள் இந்திய விண்வெளிப் பயணங்கள் எல்லாம் குப்பை விடாதவையாக இருக்கும் என்று அங்கேதான் அப்போதைய இஸ்ரோ தலைவர் சோம்நாத் அறிவித்தார். அதற்கு முந்தைய மாதம், மார்ச் 21-ஆம் தேதி, பிஎஸ்எல்வி-சி58-இன் நான்காம் நிலையை 650-லிருந்து 350 கிலோமீட்டருக்கு இறக்கி, எரிபொருளைக் காலி செய்து, சோதனைகளும் நடத்தி, கடைசியில் கடலுக்கு மேலே எரிந்துபோகச் செய்திருந்தார்கள்.

ஜப்பானில் டாய் பாக்ஸ் வேலைக்கு ஆள் வந்தேவிட்டார்கள். 2024 பிப்ரவரியில் ஆஸ்ட்ரோஸ்கேல் கம்பெனியின் அட்ராஸ்-ஜே என்ற சிறிய கோள் கிளம்பியது. 2009-லிருந்து மேலே சுற்றும் ஒரு காலி எச்-2ஏ ராக்கெட் நிலையைத் தேடிப் போய், சுற்றிவந்து படமெடுத்து, அந்த வருஷக் கடைசிக்குள் 15 மீட்டர் அருகில் போய்விட்டது. அந்தப் படத்தைப் போனில் பெரிதாக்கி லேத் அண்ணனிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "ஓரத்துல ஒவ்வொரு போல்ட்டும் தெரியுதும்மா. பதினஞ்சு வருஷத்துல ஒண்ணும் கழலல பாரு. எவனோ ஒழுங்கா டைட் பண்ணியிருக்கான்" என்றார்.

இன்ஸ்பெக்ஷன் டேபிளில் இருக்கும் மற்ற பெண்களும் இப்போது கேட்கிறார்கள். அடுத்த ஞாயிறு மதியம் எங்கள் வீட்டில் முதல் மூன்று அத்தியாயம் போடுகிறோம். மூன்றாவதில், விண்வெளியில் அடக்கம் செய்து அனுப்பிய ஒருவரின் சவப்பெட்டி சுற்றிக்கொண்டு திரும்பி வருகிறது. அது குப்பையா இல்லையா என்று டனாபேயும் ஹச்சிமாகியும் சண்டை போடுகிறார்கள். அதைப் பற்றி எங்கள் ஆட்கள் என்ன சொல்வார்கள் என்று கேட்க ஆவலாக இருக்கிறது. சப்டைட்டில் ஆங்கிலத்தில்தான், படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வருவேன். அக்கா மகன் கன்னடத்தில் சொல்கிறேன் என்று ஒத்துக்கொண்டிருக்கிறான். ஸ்ரீராமபுரம் மெட்ரோவிலிருந்து நடந்து வருகிற தூரம்தான். பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லிவிட்டு வாருங்கள், பாய் இன்னும் இரண்டு விரிக்கலாம்.